கொள்ளைநோய்ச் சோதனையும் நாடுகளின் நடைமுறையும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர் எழுந்து நின்றார். இலக்கியம் பற்றியேனும் இலக்கணம் பற்றியேனும் பேசுவார் என்று எதிர்பார்த்திருக்கும் அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க. சென்ற ஆண்டுக் கூட்டத்தின் முடிவில் இளைஞர் ஒருவர் எழுந்து, "கொரோனாக் காலத்தில் நம் ஊரில் இத்துணைப் பேரை ஏன் இழந்தோம்? பிற நாட்டார் யாது செய்தனர்?" என்று வினவினார். விடை கூறுவார் ஒருவரும் இலர். வினவியவரோ எம்மிடம் பயின்ற மாணாக்கர். ஆதலின், விடை தேடும் கடன் எம்மைச் சார்ந்தது என்று கருதி, ஓராண்டாக ஓய்ந்த நேரங்களிலெல்லாம் அதனைப் பற்றிப் படித்து வந்தோம். யாம் மருத்துவர் அல்லோம். மருந்து, தடுப்பூசி, ஊரடங்கு என்பன பெரும்பொருள்கள். அவற்றுட் புகின் பொழுது விடிந்துவிடும். நோய் உளதா இலதா என்று சோதித்து அறிதலாகிய ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு, நாடுகள் அதனை எவ்வெவ்வாறு செய்தன என்று சொல்லுவோம்.

சோதனை என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் இருபொருள் உண்டு. பொன்னைக் கல்லில் உரைத்துப் பார்த்தலும் சோதனையே. "கடவுள் என்னை இப்படிச் சோதிக்கின்றாரே" என்று துன்புற்றார் புலம்புங்கால் குறிப்பதும் சோதனையே. 2020 ஆம் ஆண்டு முதலாக உலகத்தார் செய்த நோய்ச் சோதனையில் இவ்விரு பொருளும் கலந்தே கிடந்தன என்பது எம் கருத்து. எந்த நாட்டில் முதற்பொருள் மிகுந்தது, எந்த நாட்டில் இரண்டாம் பொருள் மிகுந்தது என்று பார்த்தலே இப்பேச்சின் நோக்கம்.

சோதனை செய்யும் முறையை முதற்கண் சுருக்கமாகக் கூறிவிடுகின்றோம். மூக்கின் உட்புறத்தும் தொண்டையிலும் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுச் சளியை எடுக்கின்றனர். அதில் வைரஸின் மரபுப் பொருள் ஓர் அணுவளவு இருப்பினும், அதனைப் படியெடுத்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, நாற்பது முறை வரையும் பெருக்கிக் கண்ணுக்குப் புலனாகும்படி செய்துவிடுவதே ஆர்.டி.பி.சி.ஆர். என்னும் சோதனை. இதற்கு நல்ல ஆய்வுக்கூடமும், பயின்ற கைகளும், சில மணி நேரமும் வேண்டும். இரண்டாவது ஆன்டிஜென் சோதனை. அரைமணிக்குள் விடை கூறும், விலையும் குறைவு. ஆயினும் வைரஸ் சிறிதளவே இருப்பின் காணாது விட்டுவிடும். மூன்றாவது இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. அப்பொருள் உடம்பில் தோன்ற நாட்கள் பல ஆகும். ஆகவே அது கடந்துபோன நோயை அறிவதற்கு உதவுமேயன்றி, இன்று பற்றிய நோயை அறிவதற்கு உதவாது.

சீன நாட்டு அறிஞர் 2020 ஜனவரி 11 ஆம் நாள் இவ்வைரஸின் மரபு எழுத்து முழுவதையும் உலகறிய வெளியிட்டனர். சில நாட்களுள் பெர்லின் நகரத்து ஷாரிட்டே மருத்துவசாலையார் அதனைக் கண்டுபிடிக்கும் முறையை வகுத்தனர். உலக சுகாதார நிறுவனம் அதனை எல்லா நாடுகளுக்கும் அறிவித்தது. ஆகவே, எந்த நாட்டாரும் "எமக்கு வழி தெரிந்திலது" என்று சொல்வதற்கு இடமில்லை. வழி தெரிந்த பின் நடந்தவர் யார், நின்றவர் யார் என்பதே வினா.

தென்கொரியாவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் ஏறக்குறைய ஒரே நாளில், அஃதாவது ஜனவரி 20, 21 ஆம் நாட்களில், தத்தம் முதல் நோயாளியைக் கண்டன. செல்வத்தில் அமெரிக்காவுக்கு நிகராவார் இலர், ஆய்வுக்கூடங்களிலும் அஃதே. ஆயினும் கொரியர் முந்தினர். ஏன்? 2015 ஆம் ஆண்டில் மெர்ஸ் என்னும் நோய் மேற்காசியாவிலிருந்து திரும்பிய ஒருவர் வாயிலாகக் கொரியாவில் நுழைந்து 186 பேரைப் பற்றியது. 38 பேர் மாண்டனர். எந்த மருத்துவமனைகளில் நோய் உளது என்பதை அரசாங்கத்தார் முதலில் வெளியிடாது மறைத்தனர், மக்கள் கொதித்தெழுந்தனர். அந்த அவமானத்தினின்றும் அவர்கள் பாடம் கற்றனர். ஆபத்துக் காலத்தில் புதிய சோதனைக் கருவிகளுக்கு விரைந்து அனுமதி தரும் வகையில் சட்டத்தைத் திருத்தினர். 2020 ஜனவரி 27 ஆம் நாள், முதல் நோயாளியைக் கண்ட ஒரு வாரத்துள், சுகாதார அதிகாரிகள் சியோல் இரயில் நிலையத்தில் 20க்கு மேற்பட்ட மருத்துவக் கம்பெனியாரைக் கூட்டி, "சோதனைக் கருவி செய்து தாருங்கள், அனுமதி விரைவில் தருகின்றோம்" என்றனர். அடுத்த வாரமே ஒரு கருவிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பிப்ரவரியில் தேகு நகரத்தில் ஒரு மதக் கூட்டத்தாரிடையே நோய் தீப்போற் பரவியபொழுது கருவிகள் ஆயத்தமாய் இருந்தன. மோட்டார் வண்டியில் வந்தவர் வண்டியினின்றும் இறங்காமலே சளி கொடுத்துவிட்டுப் போகும் நிலையங்களை அந்நாட்டார் அம்மாதத்திலேயே அமைத்தனர்.

அமெரிக்காவிலோ, நோய்த் தடுப்பு நிலையமாகிய சி.டி.சி. தானே ஒரு கருவியைச் செய்து பிப்ரவரி முதல் வாரத்தில் மாகாணங்களுக்கு அனுப்பியது. அக்கருவியின் ஓர் உறுப்பு பழுதுற்றிருந்தது. விடை தெளிவாக வரவில்லை. பிற ஆய்வுக்கூடங்களோ, தாமே செய்த சோதனையைப் பயன்படுத்துவதற்கு அனுமதி இன்றிக் கைகட்டி நின்றன. அந்தக் கட்டு பிப்ரவரி 29 ஆம் நாளே அவிழ்ந்தது. இடைப்பட்ட நாட்களில் நோய் ஊர் ஊராகப் பரவிற்று, எவரும் கண்டிலர். செல்வமும் கல்வியும் உடையார் வீட்டில், சாவி ஒருவர் கையில் மட்டும் இருந்தமையால் களஞ்சியம் திறவாது கிடந்த கதையை ஒக்கும் இது.

இத்தாலியில் வோ என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. மக்கள் சுமார் 3,200 பேர். பிப்ரவரி 21 ஆம் நாள் அந்நாட்டின் முதல் மரணம் அவ்வூரார் ஒருவருடையதாயிற்று. உடனே ஊரை அடைத்து, மருத்துவர்கள் ஏறக்குறைய ஊர் முழுவதையும் இருமுறை சோதித்தனர். முதன்முறை நூற்றுக்கு 2.6 பேருக்கு நோய் இருந்தது. இரண்டாம் முறை 1.2 ஆகக் குறைந்தது. நோய்கண்டவருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்க்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. ஐஸ்லாந்துத் தீவில் டீகோட் என்னும் ஆய்வு நிலையத்தார் நலமாயுள்ள மக்களையும் அழைத்துச் சோதித்தபோதும் நோயுற்றோராகக் காணப்பட்டவருள் ஏறக்குறைய 43 விழுக்காட்டினர் தமக்கு ஒரு குறியும் இல்லை என்றே கூறினர். இருமுபவரைக் கண்டு விலகி, இருமாதவரோடு கூடி உண்டு களித்தோமே, அதன் பிழை இச்சிறு நாடுகளாலேயே வெளிப்பட்டது.

ஜப்பானியர் வேறு வழி சென்றனர். 37.5 டிகிரிக் காய்ச்சல் நான்கு நாள் தொடர்ந்தாலன்றி ஆலோசனை நிலையத்தை நாடற்க என்று பிப்ரவரியில் அறிவித்தனர். முதியோர்க்கு மட்டும் இரண்டு நாள். மருத்துவமனைகள் நிரம்பிவிடும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். அதற்கு ஈடாக, ஊர்தோறும் உள்ள சுகாதார நிலையத்தார் ஒருவருக்கு நோய் யாரிடமிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடிச் செல்வதில் வல்லவராயினர். ஆயினும், நான்கு நாள் காத்திருந்தமையால் நோய் முற்றினோர் உண்டென்று பலரும் முறையிடவே, மே மாதத்தில் அவ்விதியைக் கைவிட்டனர்.

இனி, எண்ணிக்கையில் மயங்கிய நாடுகளைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத் தலைவர் மார்ச்சு 16 ஆம் நாள், சோதியுங்கள், சோதியுங்கள், சோதியுங்கள் என்று மும்முறை அடுக்கிச் சொன்னார். அதற்கு நான்கு நாள் முன்னரே பிரிட்டிஷ் அரசாங்கத்தார், மருத்துவமனைக்கு வெளியே உள்ளாரைச் சோதிப்பதை நிறுத்திவிட்டிருந்தனர். பின்னர்ப் பழிப்புரை மிகவே, ஏப்ரல் முடிவிற்குள் நாளொன்றுக்கு இலட்சம் சோதனை என்று சூளுரைத்தனர். ஏப்ரல் 30 ஆம் நாள் 1,22,347 என்று கணக்குக் காட்டினர். ஆனால் அதனுள் ஏறக்குறைய 40,000, வீடுகளுக்கும் மருத்துவமனை முதலிய இடங்களுக்கும் அனுப்பப்பட்ட கருவிகள். அவை திரும்பி வந்தனவா என்பது அன்று யார்க்கும் தெரியாது. பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் அடுத்த ஊர்ப் பிள்ளைகளையும் அழைத்து வந்து வகுப்பை நிரப்பும் தந்திரத்தை எம் தொழிலில் யாம் கண்டதுண்டு. ஆதலின் இதில் எமக்கு வியப்பொன்றும் இல்லை.

ஸ்லோவாக்கியா என்னும் சிறு நாட்டின் மக்கள் 54 இலட்சம். 2020 அக்டோபர் 31, நவம்பர் 1 ஆகிய இரண்டே நாட்களில் 36 இலட்சம் பேரை ஆன்டிஜென் முறையில் சோதித்து 38,359 பேருக்கு நோய் உளதென்று கண்டனர். செயற்கரிய செயலே! சோதனைக்கு வராதவர் பத்து நாள் வீட்டை விட்டு வெளியேறலாகாது என்பது கட்டளை. தொழிலுக்குப் போவதற்கும் சான்றுச் சீட்டு வேண்டும். அதன்பின் நோய் குறைந்தது உண்மை. அதே காலத்தில் பிற கட்டுப்பாடுகளும் இருந்தமையால், குறைந்தது எதனால் என்று பிரித்துச் சொல்லுதல் அரிது. எப்படியாயினும் குளிர்காலம் முற்றும்போது நோய் மீண்டும் தலையெடுத்து, 2021 பிப்ரவரியில் மக்கள்தொகை விகிதப்படி உலகில் மிக்க மரணம் நேர்ந்த நாடுகளுள் ஒன்றாயிற்று அது. இரண்டு நாள் ஒரு முறை பெருக்கிவிட்டால் வீடு ஆண்டு முழுதும் தூய்மையாய் இருக்குமோ?

சீனரோ நாள்தோறும் பெருக்கினர். 2020 மே 14 முதல் ஜூன் 1 வரை வூகான் நகரில் ஏறத்தாழ 99 இலட்சம் பேரைச் சோதித்துக் குறியற்ற நோயாளர் 300 பேரைக் கண்டனர். 2022 ஆம் ஆண்டில் பெருநகரங்களில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சோதித்த சான்று இன்றி இரயிலிலும் ஏற முடியாது, கடையிலும் நுழைய முடியாது என்றாயிற்று. நோய் உண்டென்று விடை வந்தால், ஆயிரக்கணக்கான கட்டில்கள் இட்ட பெருங்கூடத்திற்குக் கொண்டுபோய்விடுவர். ஷாங்காயில் நோய்கண்ட குழந்தைகளைப் பெற்றோரினின்றும் பிரித்தனர் என்ற செய்தி பரவி, மக்கள் கதறிய பின்னரே அம்முறையைத் தளர்த்தினர். இத்துணைச் சோதனையும் நோயை நெடுநாள் தடுத்தது உண்மையே. ஆயினும், அவ்வாண்டு நவம்பர் இறுதியில் பல நகரங்களில் மக்கள் தெருவிலிறங்கி மறுத்தனர். டிசம்பர் 7 ஆம் நாள் அரசாங்கத்தார் கட்டை அவிழ்த்தனர்.

அன்பர்காள்! இவற்றையெல்லாம் படித்துக்கொண்டு வருகையில், எத்தனை பேரைச் சோதித்தனர் என்னும் கணக்கு எம் மனத்தில் பின்னுக்குப் போயிற்று. வேறொரு வினா முன்னுக்கு வந்தது: நோய் உண்டென்று விடை பெற்றவனுடைய மறுநாள் எப்படி இருந்தது? இருபது ஆண்டுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்தி வருகின்றோம். பிழைக்குப் பிரம்பு உண்டென்று அறிந்த பிள்ளை தன் நோட்டை மறைப்பான். பிழையைத் திருத்தித் தருவார் என்று அறிந்த பிள்ளை தானே கொண்டுவந்து நீட்டுவான். நாடுகளும் இப்படியே.

சிறந்து நின்ற கொரியாவும் இவ்விடத்தில் ஒருமுறை தடுமாறிற்று. 2020 மே மாதத் தொடக்கத்தில் சியோலின் இத்தேவோன் பகுதியிலுள்ள இரவுக் களியாட்டு விடுதிகளில் நோய் பரவியது. அங்குச் சென்றவருள் சிலர், ஆணை விரும்பும் ஆண்கள் என்று பத்திரிகைகள் எழுதிவிட்டன. நோயாளி எங்கெங்குச் சென்றான் என்பதை வெளியிடும் வழக்கமும் அந்நாட்டில் இருந்தது. பெயர் வெளிப்பட்டால் வேலை போகும், குடும்பம் கைவிடும் என்று அஞ்சி, ஆயிரக்கணக்கானோர் மறைந்துகொண்டனர். நகராட்சியார் அவர்களை வைதுகொண்டிருக்கவில்லை. மே 11 ஆம் நாள் முதல், பெயர் சொல்லாமலே சோதித்துக்கொள்ளலாம், தொலைபேசி எண் ஒன்றே போதும் என்று அறிவித்தனர். சோதனைக்கு வருவோர் பன்மடங்கு பெருகினர். யாம் படித்தவற்றுள் எமக்கு மிகவும் பிடித்த செய்தி இதுவே. தனித்திருக்கும்படி பணிக்கப்பட்டவர் வீட்டு வாயிலில் அரிசியும் உணவுப் பொருள்களும் வைத்துச் சென்றதும், கூலி இழந்தார்க்குப் பணம் தந்ததும் அந்நாட்டின் வழக்கமாய் இருந்தன.

இங்கிலாந்தில் வருவாய் குறைந்தோர்க்கு, தனித்திருக்குங்கால் 500 பவுன் தரும் ஏற்பாடு 2020 செப்டம்பர் 28 ஆம் நாள் முதலே வந்தது. நோய் தொடங்கி ஆறு மாதத்திற்கு மேலாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் லிவர்ப்பூல் நகரத்தார் எல்லாரையும் சோதனைக்கு அழைத்தபோது, ஏழைகள் வாழும் பகுதிகளிலிருந்தே குறைவானோர் வந்தனர். நாட்கூலி வாங்குவோனுக்கு, நோய் உண்டென்னும் விடை பத்து நாள் பட்டினி என்றன்றோ காதில் விழும்?

சிங்கப்பூரின் கதை நம் மக்களையும் தொட்டது. தொடக்கத்தில் அந்நாட்டாரின் சோதனையை உலகமே புகழ்ந்தது. ஆனால் கட்டடம் கட்டுவோரும் கப்பல் பழுது பார்ப்போருமாகிய அயல்நாட்டுத் தொழிலாளர் 3 இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஓர் அறைக்குப் பத்துப் பன்னிருவராக விடுதிகளில் நெருங்கி வாழ்ந்தனர். வங்கதேசத்தாரும், தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து சென்ற இளைஞர்களும் அவர்கள். அவ்விடுதிகளை அரசாங்கத்தார் உற்று நோக்கத் தொடங்குமுன் ஏப்ரல் மாதத்தில் நோய் அங்கு வெடித்தது. பின்னர் முறையாகச் சோதித்தனர். மருத்துவம் இலவசமாகச் செய்தனர். இறந்தவர் மிகச் சிலரே. அதனைப் புகழாதிருத்தல் நன்றன்று. டிசம்பர் மாதக் கணக்கின்படி 54,505 பேருக்குச் சளிச் சோதனையிலும், வேறு 98,289 பேருக்கு இரத்தச் சோதனையிலும் நோய் பற்றியது தெரிந்தது. விடுதியில் இருந்தோருள் ஏறக்குறைய பாதிப்பேர் என்க. ஆயினும், நகரத்தார் கடைவீதிக்குப் போய் வந்த காலத்திலும், பதினான்கு நாளுக்கு ஒருமுறை சோதனையில் தேறிய இத்தொழிலாளர் விடுதியையும் வேலையிடத்தையும் விட்டு வெளியே உலாவ இயலவில்லை. 2021 செப்டம்பரிலேதான் வாரத்திற்குச் சில நூற்றுவர் லிட்டில் இந்தியாவிற்குப் போகலாம் என்று வெள்ளோட்டம் பார்த்தனர். இங்கு அமர்ந்துள்ள தாய்மார் சிலர், அந்த ஓராண்டு காலமும் தம் பிள்ளைகளின் முகத்தைக் கைப்பேசியிலே பார்த்து அழுததை யாம் அறிவோம்.

நம் நாட்டிற்கு வருவோம். 2020 ஜனவரி 30 ஆம் நாள் கேரளத்தில் முதல் நோயாளி காணப்பட்டார். தொடக்கத்தில் பூனா நகரத்து வைரஸ் ஆய்வு நிலையம் ஒன்றே சோதிக்க வல்லதாய் இருந்தது. ஜூன் மாத இறுதியில் ஆயிரம் ஆய்வுக்கூடங்கள் ஆயின. காசநோய் கண்டறிய வைத்திருந்த கருவிகளையும் இதற்குத் திருப்பிக்கொண்டனர். இது சிறு செயலன்று. இடையில், சீனத்திலிருந்து வாங்கிய இரத்தச் சோதனைக் கருவிகள் பிழையான விடை தரவே, ஏப்ரல் மாதத்தில் அவற்றைத் திருப்பியனுப்பும்படி நேர்ந்தது. வேறு மாகாணங்கள் விரைவு கருதி ஆன்டிஜென் சோதனையைக் கலந்தபோது, தமிழ்நாட்டார் ஆர்.டி.பி.சி.ஆர். ஒன்றையே கைக்கொண்டனர். அதனால் கணக்கில் நோயாளர் தொகை மிகுந்து தோன்றினும், கண்டது மெய்யாய் இருந்தது. இதற்காக நம் சுகாதார இலாகாவினரைப் பாராட்டுகின்றோம்.

ஆனால் மறுநாள்? நோய் கண்டவர் வீட்டு வாயிலில் தகரம் அடித்தனர். சுவரில் சீட்டு ஒட்டினர். அவ்வாறு சீட்டு ஒட்டுதல் மத்திய அரசாங்கத்தாரின் விதியில் இல்லை என்றும், தகுந்த அதிகாரியின் தனிக் கட்டளை இன்றி ஒட்டலாகாது என்றும் உச்ச நீதிமன்றத்தார் 2020 டிசம்பர் 9 ஆம் நாள் கூறினர். அது எம் வீட்டிற்கு நான்கு மாதம் பிந்தி வந்த தீர்ப்பு.

எம் பெரிய தந்தையாரை உங்களிற் பலர் அறிவீர்கள். இம்மண்டபத்தின் கடைக்கால் நாட்டியபோது கணக்கெழுதியவர். அவ்வாண்டு ஆடி மாதத்தில், எங்கள் வீட்டிற்கு இரண்டாம் வீட்டில் தகரம் அடித்தனர். பால்காரர் அவ்வழியே வருவதை நிறுத்தினார். தண்ணீர்க் குடத்தை வாயிலில் வைத்துவிட்டு ஓடினர். அவ்வீட்டுப் பெண்ணுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் தட்டிப்போயிற்று. தட்டிக் கழித்தவர் வேற்றார் அல்லர், நம்மவரே. இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரிய தந்தையாருக்கு மறு வாரம் காய்ச்சல் கண்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை. வெந்நீரும் கஷாயமும் குடித்துக்கொண்டு, கதவை உட்புறம் தாழிட்டுப் படுத்துவிட்டார். தெருமுனையில் சோதனை முகாம் நடந்தது; கட்டணம் இல்லை; நூறு அடி தூரம். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறியபோதே எமக்குத் தெரிந்தது. ஒன்பதாம் நாள் காலமானார். "பேத்திக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டு வாசலில் தகரம் அடிக்க விடுவேனோ?" என்று எம் அன்னையாரிடம் சொல்லியிருந்தார் என்பதைக் கருமாதி முடிந்த பின்னரே அறிந்தோம்.

சோதனைக் கருவி இல்லாமையால் அவர் இறந்தார் என்று யாம் சொல்ல முடியாது. தகரம் அடித்த சிப்பந்தியின் மேல் பழி போட்டுவிட்டு அமைதி கொள்ளவும் இயலவில்லை. அவர் கட்டளைக்கு நடந்தவர். பால் நின்றதும் சம்பந்தம் தட்டியதும் கட்டளையால் நடந்தவையல்ல.

2021 வைகாசியில் இரண்டாம் அலை வந்தபோது, நம் கல்யாண மண்டபத்தைச் சோதனை முகாமுக்குத் தருமாறு கேட்டு வந்தனர். காரியக் கமிட்டியில் மூன்று மணி நேரம் வாதம் நடந்தது. "நோய் மண்டபம் என்று பெயராகிவிடின், பின்னர் முகூர்த்தத்திற்கு யார் எடுப்பார்?" என்று கேட்டனர் சிலர், அக்கவலையும் பொய்யன்று, மண்டப வாடகையில்தான் நம் பிள்ளைகளின் படிப்புதவி நடக்கின்றது. ஒரு வாக்கு மிகுதியால் தருவதென்று முடிவாயிற்று. அந்த ஒரு வாக்கு எவருடையது என்பதை இன்றளவும் தேடிக்கொண்டிருப்பவர்கள் இக்கூட்டத்தில் உளர். எம்முடையதும் அதிலொன்று என்பதை ஒளிக்கவில்லை. முதல் நாள் பதினொரு பேரே வந்தனர். மாலையில் செயலாளர், முகாம் அதிகாரியிடம் சென்று, விடையைத் தெருவில் வந்து கூவாமல் கைப்பேசி வழியாக அவரவர்க்கே சொல்லுமாறு வேண்டினார். நோய் கண்ட வீடுகளுக்கு இரண்டு வேளை உணவு சங்கச் சமையற்கட்டிலிருந்து போகும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். சியோல் நகரத்துச் செய்தியை அவர் அன்று அறிந்திருக்க நியாயம் இல்லை, யாமும் அறியோம். இரண்டாம் நாள் காலையில் செயலாளரின் தாயார், எண்பது கடந்தவர், வரிசையில் முதலாவதாக வந்து நாற்காலியில் அமர்ந்தார். அன்று மாலைக்குள் குச்சி தீர்ந்துபோயிற்று என்று சொல்லி அனுப்பினர்.